இங்கிலீஷ்ல சொல்லு

ஜன்னலோர சீட்டுக் கிடைத்தும் வாசுகிக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. மற்ற நாளாயிருந்தால், திருப்பூரில் கம்பெனி விடுகிற நேரத்து டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று கண்ணை மூடிக்கொண்டு, ராத்திரிக்குத் தோசையா உப்புமாவா என்று யோசித்தபடி போயிருப்பாள். இன்றைக்குக் கண்ணை மூடினால் பொன்னாத்தா வந்து நிற்கிறாள். ஸ்கூலில் கூட்டிப் பெருக்குகிற ஆயா. பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, காலி வகுப்பறை வாசலில் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். "உங்க பூனை செத்துப் போச்சுங்க மிஸ்ஸு. காலைல தண்ணித் தொட்டிக்குப் பொறத்தால வெறச்சுக் கெடந்துச்சு. குப்பை வண்டியில போட்டு உட்டுட்டன்." அதோடு நிறுத்தியிருக்கலாம் மகராசி. நிறுத்தினாளா? "நேத்துச் சாயங்காலமே அது சரியில்லீங்க. வாயெல்லாம் எச்சல் ஒழுகிட்டு, நாங் கூட்டறப்ப ஓடியாந்து வெளக்குமாத்தயே கடிச்சுது. பயந்தே போயிட்டன்னா பாத்துக்கங்களேன்." வாசுகி "அப்படியா" என்றாள். அப்படியா! பையை எடுத்து மாட்டிக்கொண்டு, குடையை மறந்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து, பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, உட்கார்ந்தும் ஆகிவிட்டது. நேற்று மத்தியானம் அந்தப் பூனைதான் அவள் வகுப்புக் குழந்தை சம்யுவின் கையைப் பிராண்டியது. சம்யுவின் அம்மாவிடம் வாசுகி பூனை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச், மேம்" என்று சொல்லிவிட்டாள்.

போன் பைக்குள் இருக்கிறது. எடுத்து ஒரு நம்பரை அழுத்த வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண், பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவளாயிருக்கும், தலையெல்லாம் பஞ்சுத் தூசு, ஏறிய மாத்திரத்தில் தூங்கி வாசுகியின் தோளில் சாய்ந்துவிட்டாள். பை அவள் முழங்கைக்கு அடியில் மாட்டியிருக்கிறது. இழுத்தால் எழுந்துவிடுவாள், பாவம், நாள் முழுக்க நின்றிருப்பாள். எழுந்துகொள்ளட்டும், அப்புறம் பேசலாம். இந்த டிரைவர் வேறு பாட்டைக் காது கிழியப் போட்டிருக்கிறான், இந்தச் சத்தத்தில் எதைப் பேசுவது. சிக்னல் தாண்டட்டும். சிக்னல் தாண்டினால் பாலம், பாலத்தில் டவர் சரியாக எடுக்காது, பாலமும் தாண்டட்டும். தான் என்ன செய்கிறோம் என்று வாசுகிக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிகிறது. வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை பென்சில் சீவிக்கொண்டே இருக்கும், அந்த மாதிரி. அடி, போனை எடுடி. எடுக்கிறேன். இந்தப் பெண் எழுந்துகொள்ளட்டும். இடது மணிக்கட்டில் வாட்ச் வார் உரசி எரிந்தது. வாரை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். காலையில் பாத்திரம் கழுவும்போது சோப்பு பட்டு இதே இடம்தான் சுரீரென்றது. அது கிடக்கட்டும்.

அந்த இங்கிலீஷ் அவள் சொந்தச் சரக்குகூட இல்லை. சுசீலா மேடம் சொல்லிக் கொடுத்தது. மேடம்தான் இந்த நர்சரி ஸ்கூலின் கரஸ்பாண்டண்ட். சனிக்கிழமை மீட்டிங்கில் மிஸ்களையெல்லாம் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்து, தான் மட்டும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுப்பார். "விழுந்துட்டான்னு யாரும் சொல்லக் கூடாது. ஸ்மால் ஃபால். கடிச்சுட்டான்னு சொன்னா அந்தம்மா சண்டைக்கு வந்துரும். லவ் பைட்னு சிரிச்சுட்டே சொல்லுங்க. ரத்தம், காயம், அடி, இந்த மூணு வார்த்தையும் நம்ம கேம்பஸ்ல கேக்கவே கூடாது. கை கால்ல எது வந்தாலும் ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச். இங்கிலீஷ்ல சொன்னா பேரன்ட்ஸ் பயப்பட மாட்டாங்க, மேல கேள்வியும் கேக்க மாட்டாங்க." எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். முப்பது வயது தாண்டிய பொம்பளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி உட்பட, ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச், ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச் என்று ரைம் பாடுகிற மாதிரி. வாசுகிக்குச் சிரிப்பாக வந்தது அன்றைக்கு. ஆனால் மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம் என்று நேற்றுப் பார்த்துவிட்டாளே. கேட்டருகே சம்யுவின் அம்மா கீர்த்தனா பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்து, "அய்யோ, என்னாச்சு மிஸ்?" என்று கண்ணை விரித்தாள். வாசுகி அந்த வார்த்தையைச் சொன்னாள். கண் அப்படியே சாந்தமாகிவிட்டது. "ஓ, ஓக்கே மிஸ், தேங்க்யூ மிஸ்." தேங்க்யூ வேறு! தமிழில் ஒரு கீறல்தானுங்க என்று சொல்லியிருந்தால், எது கீறுச்சு என்று கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் வாசுகி சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? தெரியவில்லை. வாயில் வந்தது இங்கிலீஷ், கேள்வி வரவில்லை, ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது, சம்யு பின்சீட்டிலிருந்து டாட்டா காட்டிக்கொண்டே போனாள், பிளாஸ்திரி ஒட்டிய கையால்.

பஸ் சிக்னலில் நின்றது. வெளியே இளநீர்க்காரர் வண்டியில் சீவிப்போட்ட மட்டைகள் குவிந்து கிடந்தன, அதில் ஒரு நாய் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. வாசுகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூனையை யார் வரச் சொன்னது? அதுவாகத்தான் வந்தது, மழைக்காலத்தில், பழுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது மடங்கி. மேடம் பார்த்த அன்றே, "பொன்னாத்தா, இதைக் கொண்டுபோய் எங்காவது விட்டுட்டு வா" என்றார். பொன்னாத்தா சாக்கில் பிடித்துக்கொண்டுபோய் விட்டாள், அது அவளுக்கு முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் மேடம் பின்பக்கம் வருவதில்லை, பூனையும் முன்பக்கம் வருவதில்லை, எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. வாசுகி பால் ஊற்றியது பூனை மேல் பாசத்தில் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. சம்யுவுக்காகத்தான். அந்தப் பிள்ளை சேர்ந்த புதிதில் டிபன் பாக்ஸைத் திறந்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கீர்த்தனா தினமும் மிச்சத்தைப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் போட, மேடம் வாசுகியைக் கூப்பிட்டு, "ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார். அடுத்த நாள் வாசுகி பிள்ளையைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனாள். பூனைக்கு ஒரு வாய், சம்யுவுக்கு ஒரு வாய். பூனை சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும், இவளும் வாயைத் திறப்பாள். பாக்ஸ் காலி. கீர்த்தனா மறுபடி போன் போட்டு, "வாசுகி மிஸ் என்ன மாயம் பண்றாங்கன்னே தெரியல மேம்" என்றாளாம். மேடம் கைகொடுத்தார்.

நேற்று அது வரும்போதே வேறு மாதிரி இருந்தது. இப்போதுதானே தெரிகிறது, நேற்று எங்கே தெரிந்தது. தயிர்சாத உருண்டையை வைத்தாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, எதையோ பார்க்கிற மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "மியாவ் கோவமா இருக்குதா மிஸ்?" என்றாள் சம்யு. "ஆமா சாமி, நீ நேத்து மிச்சம் வெச்சுட்டீல்ல, அதான் கோவம்." என்ன வாய் இது, அடக் கடவுளே, என்ன வாய். பிள்ளை நம்பிவிட்டது. தன் கையிலிருந்த உருண்டையை நீட்டிக்கொண்டு, "சாரி மியாவ்" என்று கிட்டப் போனது. அவ்வளவுதான் தெரியும். ஒரு சீறல், ஒரு அலறல், வாசுகி நடுவில் கையை விட்டுப் பூனையைப் பிடித்து எறிந்தாள், அது தொட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டது. சம்யுவின் புறங்கையில் இரண்டு கோடு. மேலே ஒன்று லேசாக, கீழே ஒன்று ரத்தம் முத்து முத்தாக. பிள்ளை அழவில்லை, அதுதான் விசேஷம். கோட்டைப் பார்க்கிறாள், மிஸ்ஸைப் பார்க்கிறாள், அழலாமா என்று கேட்கிறாள் கண்ணால். அழுதால் மேடம் வந்துவிடுவார். வாசுகி ஈர டிஷ்யூவில் துடைத்தாள். குழாய் இரண்டு எட்டில்தான் இருந்தது, சோப்பும் அங்கேயே இருந்தது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பாடத்திலேயே வருகிறது, முன்பு வேறு ஸ்கூலில் அவளே நடத்தியிருக்கிறாள். குழாயடியில் சமையற்கார அம்மா நின்றிருந்தாள், அவள் பார்த்துவிடுவாளே என்று போகவில்லை. முதலுதவிப் பெட்டியில் இருந்த பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினாள். பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்தது, ரோஸ் கலரில் பூனைப் படம் போட்டது. ஒட்டும்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. "அம்மா கேட்டா என்ன சொல்லணும்?" "மியாவ்..." "நோ நோ. ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச். எங்கே சொல்லு." பிள்ளை சொன்னது. இரண்டாவது தடவை இன்னும் நன்றாகச் சொன்னது. "மிஸ் மாதிரியே சொல்றியே! வெரி குட்!" என்று இன்னொரு கையில் சிவப்புப் பேனாவால் ஸ்டார் போட்டுவிட்டாள். நல்ல இங்கிலீஷ் பேசினால் ஸ்டார், அது வகுப்பு வழக்கம். பொய் சொல்லக் கற்றுக்கொண்டதற்கு ஸ்டார் வாங்கிய பிள்ளை அந்த வகுப்பில் சம்யு ஒருத்திதான்.

தொண்டை வறண்டது. பைக்குப் பக்கத்து வலையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, அதை மட்டும் மெல்ல உருவி மூடியைத் திறந்தாள். வாய்வரைக்கும் கொண்டுபோனவளுக்குப் பழனியப்பன் ஞாபகம் வந்துவிட்டது. அவள் சிறுமியாய் இருந்தபோது, பல்லடத்தில் லைன் வீட்டில் குடியிருந்தார்கள், அடுத்த கதவு அவருடையது. தறி ஓட்டுகிற மனுஷன், வாட்ட சாட்டமாக இருப்பார், சைக்கிளில் அவளை முன்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவார். நாய்க்குட்டி ஒன்று பல் பதித்ததாம், குட்டிதானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாராம். எல்லோரும் மறந்துபோன பிறகு வந்தது அது, வெறிநோய். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், ஆனால் லைன் வீட்டுச் சுவருக்கு என்ன தடுக்கத் தெரியும். "ஒரு வாய் குடிங்க, ஒரே ஒரு வாய்" என்று அவர் பெண்டாட்டி கெஞ்சுகிற சத்தம். டம்ளர் சுவரில் மோதி உருண்டு உருண்டு நிற்கிற சத்தம். அவ்வளவு பெரிய மனுஷன், ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார். வந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது, வருவதற்கு முன்னால்தான் ஊசி. வாசுகி பாட்டிலை மூடிவிட்டாள். சம்யுவுக்கும் ஒரு வாட்டர் பாட்டில் உண்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும், உறிஞ்சுகுழல் வைத்தது. உறிஞ்சிவிட்டு ஒவ்வொரு தடவையும் ஆ... என்று சத்தம் விடும், வகுப்பே சிரிக்கும். இன்று காலையில்கூட உறிஞ்சியது. இன்றைக்குப் பூரா நன்றாகத்தானே இருந்தது பிள்ளை? ஓடியது, ஆடியது, ரைம்ஸ் சொன்னது. நன்றாகத்தான் இருக்கும், இப்போது நன்றாகத்தான் இருக்கும். அதுதானே அந்த வியாதியின் லட்சணம். பாட்டிலை வலைக்குள் திருப்பிச் செருகினாள்.

சரி, பூனை எதில் வேண்டுமானாலும் செத்திருக்கலாம். எலி மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கும். வண்டியில் அடிபட்டிருக்கும். வாயில் எச்சில் ஒழுகினால் எல்லாம் அதுதானா, நேற்றுவரைக்கும் நன்றாக இருந்த பூனை. பொன்னாத்தா ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவள். போன் போட்டுச் சொல்லி, கீர்த்தனா மேடத்திடம் போய், நாளைக்கு வாசுகி வீட்டில் உட்காரப்போகிறாள். அவள் வீட்டில் உட்கார்ந்தால் மகன் அகிலனும் வீட்டில் உட்காரவேண்டும். ஸ்டாஃப் பிள்ளை என்றுதான் மேடத்தின் பெரிய ஸ்கூலில் அவனுக்கு இடம். ஏழாம் வகுப்பு, கெமிஸ்ட்ரி லேபைப் பார்த்துவிட்டு வந்து ராத்திரியெல்லாம் அதையே பேசினான். அவன் அப்பாவுக்குச் சாயப்பட்டறை மூடியதிலிருந்து ஒரு வேலையும் நிலைக்கவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது, ஒரு பூனைக்குப் பால் ஊற்றினேன், வேலை போய்விட்டது என்றா? ஆக, எலி மருந்துதான். எலி மருந்தாகவே இருக்கட்டும். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. லேசானதே என்று பார்த்ததும் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. அகிலன் கையில் அந்த இரண்டு கோடு இருந்தால் எலி மருந்து என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாளா? செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருக்கமாட்டாளா? அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்தாள். பிரியாணிக் கடை, செல்போன் கடை, மறுபடி பிரியாணிக் கடை. பாலம் வந்தது, பாலம் போனது. பெரியாஸ்பத்திரி ஸ்டாப் கடந்து போனது. அந்தப் பெண் இன்னும் தூங்கினாள்.

பிரேக் போட்ட குலுக்கலில் பை தானே நழுவி மடிக்கு வந்தது. இனி சாக்கில்லை. போனை எடுத்து, பெயரைத் தேடினாள். 'சம்யு மம்மி'. படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் இருந்தது, ஏதோ ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பேசலாம். இது ஒன்றுதான் கடைசி, இதற்கப்புறம் சத்தியமாகப் பேசிவிடவேண்டும். அழுத்தினாள். நேற்று ராத்திரி எடுத்த வீடியோ. சோபாவில் சம்யு, தலை வாரிப் பவுடர் பூசி, பிளாஸ்திரிக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. பஸ் பாட்டில் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்து அழுத்தினாள், மறுகாதைப் பொத்தினாள். கீர்த்தனாவின் குரல், "சம்யு பாப்பா, கைல என்னாச்சு?" பிள்ளையின் குரல், "பூனை..." "நோ நோ, தமிழ் வேண்டாம். இங்கிலீஷ்ல சொல்லு. மிஸ் என்ன சொல்லிக் குடுத்தாங்க?" "ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச்!" பின்னால் அப்பாக்காரன் விசில் அடிக்கிறான், கை தட்டுகிறார்கள். வாசுகி காதிலிருந்து எடுத்து, சத்தமில்லாமல் இன்னொரு தடவை பார்த்தாள். உதடு இரண்டும் சேர்ந்து குவிகிறது, பூனை என்று சொல்லிவிடுகிறது, அம்மா என்னவோ சொல்கிறாள், முகம் விழுகிறது, கண்ணைச் சுழற்றி யோசிக்கிறது, அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கீழே எழுதியிருந்தது, 'எங்க வீட்டு இங்கிலீஷ் டீச்சர்', பக்கத்தில் இரண்டு இதயம். சொல்லியிருக்கிறதே. பிள்ளை சொல்லியிருக்கிறதே! வாசுகி சொல்லாததை, அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் கேட்காமல், வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள அங்கேயும் ஆள் இல்லை. வாசுகிக்கு அழுகை வந்தது, சத்தமாகவே வந்தது. தோளில் கிடந்த பெண் திடுக்கிட்டு எழுந்து, "என்னக்கா, ஸ்டாப் வந்துருச்சா?" என்றாள்.

"குட் ஈவினிங் மேம், திஸ் இஸ் வாசுகி மிஸ்," என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். "ஹலோ மிஸ், சொல்லுங்க மிஸ்" என்று குதூகலமாக வந்தது கீர்த்தனாவின் குரல், அவள் ஸ்டேட்டஸைப் பாராட்டக் கூப்பிட்டதாக நினைத்திருப்பாள். மேற்கொண்டு இங்கிலீஷ் வரவில்லை. "பூனைங்க," என்றாள் வாசுகி. "சம்யு கையப் பிராண்டுனது பூனைங்க. ஸ்கூல் பின்னாடி இருந்த பூனை. அது இன்னிக்குச் செத்துப் போச்சுங்க." அந்தப் பக்கம் டீவி ஓடியது. "நான்தானுங்க கூட்டிட்டுப் போனேன். நேத்தே சொல்லியிருக்கணும். நான் சோப்புப் போட்டுக்கூடக் கழுவலீங்க. ஊசி போட்டே ஆகணும், இப்பவே போகணும். பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வர்றேன்." கீர்த்தனா டீவியை நிறுத்தினாள். அப்புறம் சின்னக் குரலில், யாரிடமோ சொல்கிற மாதிரி, "பிளாஸ்திரில இருக்கற பூனையச் சொல்றான்னு நெனச்சனே" என்றாள். அதற்கப்புறம் போன் கைமாறியது. அப்பாக்காரன் பேசியதையெல்லாம் வாசுகி காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டாள், ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நடுவிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, கையைக் காட்டிய முதல் ஆட்டோவில் ஏறினாள். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.

அவசரப் பிரிவில் பினாயில் நெடி. அவள் போய்ச் சேரும்போது அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சம்யு அப்பா மடியில், வீட்டுக் கவுனில், கால் ஆட்டிக்கொண்டு. மிஸ்ஸைப் பார்த்ததும் பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது, கீழே இறங்கப் பார்த்தது, அப்பாக்காரன் இடுப்பைப் பிடித்து அழுத்திக்கொண்டான். கீர்த்தனா திரும்பிப் பார்க்கவில்லை. வாசுகி தள்ளி, தூணோரம் நின்றாள். வயசான சிஸ்டர் ஒருத்தர் பிளாஸ்திரியைப் பிரித்தபடி, "என்ன கண்ணு ஆச்சு கைல?" என்று கேட்டார். சம்யு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிஸ் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணீரென்று சொன்னாள். "ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச்!" சொல்லிவிட்டு மறு கையை வாசுகியைப் பார்த்து நீட்டினாள். நேற்றைய ஸ்டார் அழிந்து லேசாகச் சிவப்புத் தெரிந்தது. சிஸ்டர் சிரித்துவிட்டார். "அட, என்னமா இங்கிலீஷ் பேசுது!"

கீர்த்தனா உடைந்துவிட்டாள். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தமிழ்ல சொல்லு சாமி," என்றாள். "அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன். தமிழ்லயே சொல்லு." பிள்ளைக்குப் புரியவில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று அம்மாவைப் பார்த்தது. அப்புறம் மிஸ்ஸைப் பார்த்தது, சொல்லலாமா என்று. வாசுகி சொல்லு என்று தலையை ஆட்டினாள். தூணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை ஆட்டினாள்.

"பூனை," என்றது பிள்ளை மெதுவாக. "மிஸ்ஸோட பூனை."

சிஸ்டர் சிரிப்பை விட்டுவிட்டுக் கையைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, தண்ணீர் ஓடவிட்டு, ரொம்ப நேரம் கழுவினார். டாக்டர் வந்து பார்த்தார், பூனை எங்கே என்று கேட்டார், குப்பை வண்டி என்று வாசுகி சொன்னதும், இனி சோதிக்க வழியில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒருநாள்தானே ஆகியிருக்கிறது, பயப்படாதீர்கள், ஆனால் ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றியே ஊசி போடவேண்டும், அதற்கப்புறம் மறுபடி மறுபடி வரவேண்டியிருக்கும் என்றார். திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். நேற்று அழாத அழுகையையும் சேர்த்து சம்யு அழுதாள். அம்மா என்று கூப்பிட்டாள், அப்பா என்று கூப்பிட்டாள், நடுவில் ஒரு தடவை மிஸ் என்றும் கூப்பிட்டாள். வாசுகி நகரவில்லை. நாளைக்கு மேடம், அகிலன், வீட்டுக்காரர் முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். அழுகை விசும்பலாகித் தேய்கிறவரைக்கும் நின்றாள்.

வெளியே வந்த சிஸ்டர் தூணைச் சுற்றியிருந்த அவள் கையைப் பார்த்தார். வாட்ச் வார் ஒதுங்கியிருந்தது. "உங்க கைல என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க, ஜஸ்ட்..." என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நீளமாக இரண்டு கோடு, ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்தது. நேற்றிலிருந்து எரிந்துகொண்டேதான் இருந்தது.

"அதே பூனைதானுங்க," என்றாள்.

சிஸ்டர் குழாயடியைக் காட்டினார். வாசுகி போய்ச் சோப்பை எடுத்தாள்.